ஒரு கம்பும் இரண்டு பேரும்

பிப்ரவரி 3, திங்கள்

ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோ மேடம் இந்த நோட்டைக் கையில் திணித்து, "தினமும் எழுதுங்கம்மா. எந்த விரல் அசைஞ்சுது, எத்தனை நிமிஷம் உட்கார்ந்தார், ஒண்ணுக்கு சரியாப் போனாரா, எல்லாம் வேணும்" என்றார். பத்தாவது வரை படித்தது இதற்காவது உதவட்டும்.

முதல் பக்கத்தில் விவரம் எழுத வேண்டுமாம். பெயர்: கஸ்பார். வயது: முப்பத்தெட்டு. தொழில்: சங்கு குளிப்பது. எழுதுகிறவர்: மனைவி பிரகாசி. நோய்: இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. எதனால் ஏற்பட்டது: என் அண்ணன் சந்தியாகு கட்டிய முடிச்சு அவிழ்ந்ததால்.

மேடத்துக்குக் கடல் தெரியாது. விளக்கமாகவே எழுதுகிறேன். படகில் இருக்கும் எஞ்சின் காற்று அடிக்கும். நீளமான ரப்பர் ஹோஸ் வழியாக அந்தக் காற்று கீழே குளிக்கிறவர் வாய்க்குப் போகும். அவர் இடுப்பில் ஒரு கயிறு. அதன் மறுமுனை மேலே படகில் ஒருவர் கையில். ஒரு தரம் சுண்டினால் நலம், இரண்டு தரம் சுண்டினால் தூக்கு. தூக்கும்போதும் நிறுத்தி நிறுத்தித்தான் தூக்க வேண்டும். விறுவிறுவென்று மேலே வந்தால் ரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டிக் கை காலை அடித்துப் போட்டுவிடும். ஜனவரி பதினொன்றாம் தேதி கயிறு வெறுமனே மேலே வந்தது. அண்ணன் பதறிப் போய் ஹோஸைப் பிடித்து ஒரே மூச்சில் இழுத்துவிட்டான். உயிர் வந்தது, கால் வரவில்லை.

கண் விழித்ததும் இவர் சொன்னது ஒரே வார்த்தை: "முடிச்சு நழுவிருச்சு." அன்றிலிருந்து ஊரில் ஒரு படகுக்காரரும் சந்தியாகுவைக் கயிறு பிடிக்கக் கூப்பிடுவதில்லை. ஐஸ் பேக்டரியில் பெட்டி தூக்குகிறானாம். தூக்கட்டும். என் வாசற்படியை மிதிக்க விடமாட்டேன்.

இன்று: விரல் அசையவில்லை. உட்கார்ந்தது இருபது நிமிடம். ஒன்றுக்கு டியூப்.

பிப்ரவரி 5, புதன்

உட்கார்ந்தது இருபத்தைந்து நிமிடம். இரண்டு காலையும் இருபது தரம் மடக்கி நீட்டினேன். விறகுக்கட்டை மாதிரி கனம். நடுவில் ஒரு தரம், "உனக்கு வலிக்கா பிள்ள?" என்று என்னைக் கேட்கிறார். கேட்கிற ஆளைப் பார்!

மகள் சலேத் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். வகுப்பில் யாரோ புதுக் கொலுசு போட்டு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். கொலுசுப் பேச்சை இந்த வீட்டில் எடுக்காதே என்று கத்திவிட்டேன். ஒன்பது வயதுப் பிள்ளை, தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டது. நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை.

பிப்ரவரி 8, சனி

மாதா கோயிலுக்குப் போய் நேர்ச்சை வைத்தேன். எங்கள் ஊர் வழக்கம் அது. கண் சுகமானால் வெள்ளியில் கண் செய்து போடுவோம், கை சுகமானால் கை. "இவர் எழுந்து நின்றால் வெள்ளிக் கால் தருகிறேன். முதலில் நீ கொடு தாயே, அப்புறம் நான் கொடுக்கிறேன்" என்று சொன்னேன். பேரம் பேசுகிறேன் என்று அவள் நினைத்தாலும் பரவாயில்லை. அவளும் ஒரு பிள்ளையை வளர்த்தவள்தானே.

விரல் அசையவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையில் கதவுக் கொண்டியில் ஒரு பை தொங்கியது. உள்ளே நாலு நண்டு, உயிரோடு. யார் வைத்தது என்று கேட்கவே வேண்டாம், அண்ணன்தான். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். அவர்கள் வீட்டிலிருந்து வந்த வாசம் பதினொரு மணி வரை என்னைப் பாடாய்ப்படுத்தியது.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று எழுதுவது மேடம் படிக்க அல்ல. அதனால் நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பையில் ஒரு பெரிய சங்கு இருந்தது. அன்றைக்குக் கீழேயிருந்து இவர் மேலே கொண்டுவந்தது, உள்ளே உயிர் இல்லாத செத்த சங்கு. "அத மட்டும் தொடாத" என்று சொல்லியிருந்தார். நானோ கதவு அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். இன்று பூசை முடிந்து வந்ததும் சலேத் அதைக் காதில் வைத்துப் பார்த்து, "அம்மா, இதுல கடல் சத்தமே இல்ல, கலகலங்குது" என்றாள். நாற்றமும் தாங்கவில்லை. இவர் தூங்கிக்கொண்டிருந்தார். வெந்நீரில் போட்டு ஒரு கம்பியால் குடைந்தேன்.

கரியாக, மெல்லிசாக, வட்டமாக ஒவ்வொன்றாய் விழுந்தது. கருகிய அப்பளத் துண்டு என்றுதான் முதலில் நினைத்தேன். ஏழு இருந்தது. காசு.

பிப்ரவரி 17, திங்கள்

ஒரே ஒரு காசுக்குப் புளி போட்டு, சாம்பல் போட்டுத் தேய்த்தேன். வெள்ளி! ஒரு ரூபாய் அகலம், நகம் மாதிரி மெல்லிசு. ஒரு பக்கம் சேசுநாதர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சத்தியமாக அவர்தான். தலைக்குப் பின்னால் வட்டம், கையில் புத்தகம். முட்டிக்கால் போட்டுவிட்டேன், அடுப்படியிலேயே.

மறு பக்கம் இரண்டு பேர் நிற்கிறார்கள். நடுவில் ஒரு கம்பு. இரண்டு பேரும் அதைப் பிடித்திருக்கிறார்கள்.

இவரிடம் கொண்டுபோய் நீட்டினேன். "எங்க எடுத்தீய?" என்றேன்.

"கீழ கெடந்துது."

"கீழன்னா?"

"கீழதான். அந்தப் பேச்ச விடு, பிரகாசி."

என்னை முழுப்பேர் சொல்லிக் கூப்பிடுவது எப்போதாவதுதான். விட்டுவிட்டேன். மாதாவே எனக்கு வெள்ளிக்கால் செய்ய வெள்ளி அனுப்பியிருக்கிறாள், அதைக் கேள்வி கேட்பானேன்?

பிப்ரவரி 18, செவ்வாய்

வலது கால் பெருவிரல் அசைந்த மாதிரி இருந்தது. கொசுவாகவும் இருக்கலாம்.

பிப்ரவரி 20, வியாழன்

ஏழு காசையும் முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறி, டவுனில் பூதலிங்கம் ஆசாரி கடைக்குப் போனேன். சலேத் பிறந்தபோது காப்பு செய்து கொடுத்தவர். காசைக் கல்லில் உரசிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"தாயி, இப்படி வெள்ளி இப்ப எவனும் போடுறதில்ல. கலப்பே இல்லன்னு சொல்லலாம். இது எந்த ஊரு?"

"கடல்ல கெடந்துது. எல்லாத்தையும் உருக்கி ஒரு கால் செஞ்சு குடுங்க. நேர்ச்சை."

அவர் காசை என் பக்கம் தள்ளி வைத்தார். "உருக்க மாட்டேன்."

"ஏன்?"

"உங்க சாமில்லா உக்காந்திருக்கு."

"என் சாமிய நான்தான உருக்கச் சொல்லுதேன். உங்களுக்கு என்ன?"

"யாரு சாமியா இருந்தா என்ன தாயி. நாப்பது வருசமா பட்டறை போட்டிருக்கேன். சாமி முகத்துல நெருப்பு வச்சதில்ல."

சண்டை போட்டேன். மனுஷன் மசியவே இல்லை. கடைசியில் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பழைய காசு படிக்கிற ஹெப்சிபா டீச்சர் என்று ஒருவர் இருக்கிறார், அவரிடம் காட்டு என்று போன் நம்பர் எழுதிக் கொடுத்தார். என் சாமியிடம் அவருக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லாமல் போனது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 25, செவ்வாய்

இவரைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் பாளையங்கோட்டை போனேன். ஹெப்சிபா டீச்சர் ஒல்லியாக, குட்டை முடியோடு, செருப்பு கூடப் போடாமல் அறைக்குள் நடக்கிற ஆள். காசைப் பார்த்ததும் சட்டென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இதை எதுல தேய்ச்சீங்க?"

"புளி, சாம்பல்."

"ஐயோ, ஐயையோ! எழுநூறு வருஷம் கடல்கூட இதை இப்படிப் பண்ணலையேம்மா!"

"ஒண்ணத்தான் தேய்ச்சேன், மிச்சம் ஆறும் அழுக்காத்தான் இருக்கு" என்றேன். எனக்கும் ரோஷம் உண்டு. அவர் சிரித்துவிட்டார். அப்புறம் லென்ஸ் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்.

வெனிஸ் என்று ஒரு ஊராம். தண்ணீருக்கு நடுவிலே கட்டிய ஊர். கப்பல் வியாபாரத்திலேயே பணக்கார நாடானது. இந்தக் காசுக்கு குரோசோ என்று பேர். கலப்படம் செய்யாமல் அடித்ததால் போகிற துறைமுகத்திலெல்லாம் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வார்களாம். எந்த அரபு வியாபாரி கையில் ஏறி, எந்தக் கப்பலில் வந்து, நம் கடலில் எப்படி விழுந்தது என்று யாருக்குத் தெரியும் என்றார்.

"அந்த ரெண்டு பேரு யாரு டீச்சர்?"

"இந்தப் பக்கம் நிக்கிறது மாற்கு. பைபிள்ல வர்ற மாற்குதான், அந்த ஊரோட புனிதர். அந்தப் பக்கம் ஊர்த் தலைவர். அங்கே ராஜா பரம்பரை கிடையாது. பெரிய வியாபாரிக் குடும்பங்கள் கூடி ஒருத்தரைத் தேர்ந்தெடுப்பாங்க. அவருக்கு மாற்கு கொடிக்கம்பைக் கொடுக்கிறார். கம்பை ஒட்டி மேலேர்ந்து கீழே மூணு எழுத்து இருக்கு பாருங்க, தலைவர்னு அர்த்தம்."

"குடுத்துட்டா கைய எடுக்க வேண்டியதுதான? இன்னும் பிடிச்சிக்கிட்டு நிக்காரே."

டீச்சர் லென்ஸை வாங்கித் தானும் ஒரு தரம் பார்த்தார். "ஆமா, எடுக்கவே இல்ல" என்றார். பெரிய ஆளுக்கும் ஒரு பிடிமானம் வேண்டியிருக்கிறது போல.

இதை மறைத்து வைத்தால் குற்றமாம். நாமே கலெக்டர் ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டால் மியூசியத்தில் சேர்ப்பார்கள், தானே கூட வருவதாகவும் சொன்னார். அதற்கு மூன்று விவரம் வேண்டும். எந்தத் தேதி, எந்த இடம், எத்தனை பாகம் ஆழம். ஒரு பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம்.

பிப்ரவரி 26, புதன்

உட்கார்ந்தது நாற்பது நிமிடம். பெருவிரல் அசைந்தது. கொசு இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சந்தோஷத்தில் இருக்கும்போதே கேட்டுவிடலாம் என்று, "டீச்சர் ஆழம் கேக்காங்க. எத்தன பாகம்?" என்றேன்.

விரலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர் யோசிக்காமல் சொல்லிவிட்டார். "பதிமூணு."

அப்புறம் சிரிப்பு நின்றது. அடுப்படிக்கு வந்து சாளை மீன் கழுவினேன். கழுவின மீனையே மறுபடியும் கழுவினேன்.

பிப்ரவரி 27, வியாழன்

அந்தக் கயிறு எங்கள் வீட்டில்தான் ஆணியில் தொங்குகிறது. படகுக்காரர் அன்றைக்கே கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனது. இவர் தூங்கும்போது எடுத்து, கை இரண்டையும் விரித்து விரித்து அளந்தேன். என் கைக்குப் பதினொன்று வந்தது. அவர் கை நீளம். அவர் கைக்குப் பத்து. பத்து பாகக் கயிற்றைக் கட்டிக்கொண்டு பதிமூன்று பாகத்துக்கு எப்படிப் போக முடியும்?

இடுப்பில் கட்டுகிற முனையைப் பார்த்தேன். நூல் பிரியவில்லை, அறுபடவில்லை. முடிச்சு இருந்த இடம் வளைந்து வளைந்து தடம் பதிந்திருக்கிறது. அந்தத் தடத்தை எனக்குத் தெரியும். சலேத்துக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தது அண்ணன்தான். அதே முடிச்சு. இரண்டு வருஷம் பிள்ளை அதில் ஆடினாள், நான் கூட ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். பாரம் ஏற ஏற இறுகுமே தவிர நழுவாது. பிள்ளை வளர்ந்த பிறகு அதை அவிழ்க்கத் தெரியாமல் அண்ணனைத்தான் கூப்பிட்டேன்.

இது எனக்கு ஜனவரியிலேயே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்ததோ என்னவோ.

பிப்ரவரி 28, வெள்ளி

கயிற்றைக் கொண்டுபோய் அவர் மடியில் போட்டேன். "நழுவிச்சா, அவுத்தீயளா?"

கயிற்றைத் தடவிப் பார்த்தார். அப்புறம் சொன்னார். முதல் தரம் முங்கியபோது கயிறு எட்டுகிற எல்லையில் இரண்டு காசு கிடைத்திருக்கிறது. சங்குக்குள் திணித்துக்கொண்டார். இரண்டாம் தரம் மூன்று. அதற்கு அப்பால் தரை சரிந்து இறங்குகிறது, அங்கே இன்னும் கரியாய்ப் பரவிக் கிடந்தது. கயிறு எட்டவில்லை. ஹோஸ் எட்டியது.

"அவுத்து ஒரு கல்லுக்கு அடியில சொருகுனேன். ரெண்டு நிமிசத்துல திரும்பிருவேன்னு நெனச்சேன். ரெண்டுதான் எடுத்தேன், அதுக்குள்ள மச்சான் சுண்டிப் பாத்து, பதில் இல்லன்னு மேல இழுக்க ஆரம்பிச்சிட்டாவ. வெறுங்கயிறு வந்தா அவுக என்ன நெனப்பாக? மாப்பிள்ள போயிட்டான்னுதான நெனப்பாக?"

"அப்ப ஏன் முடிச்சு நழுவிச்சுன்னு சொன்னீய?"

"கண்ணு முழிச்சேன். கால் இல்ல. சுத்தி எல்லாரும் நிக்காங்க. வாயில அது வந்துட்டு. வந்தத எடுக்க முடியல."

"எதுக்கு அவ்வளவு ஆச? எதுக்கு?"

"சலேத்துக்கு..." என்றார்.

அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியதே இல்லை. ஜனவரி பத்தாம் தேதி ராத்திரிச் சோறு போடும்போது, "எல்லாப் பிள்ளைகளும் கோயில்ல முதல் தடவ அப்பம் வாங்குத புதுநன்மைக்கு வெள்ளிக்கொலுசு போடும், என் பிள்ள மட்டும் மொட்டக்கால்ல போய் நிக்கும். அப்பன் கடலையே குடைஞ்சு என்ன பிரயோசனம்?" என்று கேட்டது நான். என் வாயால் கேட்டது. இத்தனை நாளாக இந்த நோட்டில் ஒரு வரி அதை எழுதவில்லை. அண்ணன் முடிச்சு, அண்ணன் முடிச்சு என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

அழுதேன். எழுத என்ன வெட்கம், அழுதேன். அவரும் அழுதார்.

மார்ச் 1, சனி

"நீங்க சொல்லுதீயளா, நான் சொல்லட்டா?" என்றேன்.

"எந்திரிச்சு நின்னு சொல்லுதேன். படுத்துக்கிட்டு சொன்னா அனுதாபத்துக்கு அலையுத மாதிரி இருக்கும்."

"நீங்க நிக்கிறது ஈஸ்டருக்கோ கிறிஸ்மசுக்கோ! அதுவரைக்கும் எங்கண்ணன் ஐஸ்பெட்டி தூக்கணுமா?"

"ஊருக்கு அப்பறம். மச்சானுக்கு இப்பவே சொல்லுதேன். கூட்டிட்டு வா" என்றார்.

மார்ச் 2, ஞாயிறு

ஐஸ் பேக்டரி ஞாயிற்றுக்கிழமையும் ஓடுகிறது. அண்ணன் கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பெட்டி இறக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "மாப்பிள்ளைக்கு என்னமும்...?" என்றான்.

"ஒண்ணுமில்ல. பெருவிரல் அசையுது. வீட்டுக்கு வாண்ணே."

அண்ணே என்று கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று. அவன் கையைத் துடைத்துவிட்டுப் பின்னால் வந்தான். வாசற்படியில் நின்றான். "ஏறு" என்றேன். ஏறினான்.

இவர் ஒன்றும் மறைக்கவில்லை. இடம், ஆழம், கல், கயிறு, எல்லாம் சொன்னார். அண்ணன் தரையைப் பார்த்தபடி கேட்டான். முடிந்ததும் தன் இரண்டு கையையும் மடியில் மலர்த்தி வைத்தான்.

"ரெண்டு மாசமா இந்தக் கையத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன் மாப்பிள்ள. எந்த விரல் பிசகுச்சுன்னு."

எழுந்து போய்விட்டான். நான் போட்ட காப்பி அப்படியே இருந்தது. கோபப்பட்டு இரண்டு அறை விட்டிருந்தால்கூட இவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டேன். காலை மடக்கி நீட்டியது முப்பது தரம்.

கதவுக் கொண்டியில் அண்ணன் அடிக்கடி மாட்டிவிட்டுப் போகிற பை இல்லை. நாலு நாளாக இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

ஹெப்சிபா டீச்சரோடு கலெக்டர் ஆபீஸ் போய்க் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். எழுதிக் கொடுத்த தாளில் ஆழம் பதிமூன்று பாகம் என்று இவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஏழையும் பெட்டியில் வைக்கும்போது நான் தேய்த்த ஒன்று மட்டும் பளபளவென்று தனியாகத் தெரிந்தது. டீச்சர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

பிரிவதற்கு முன் காசின் இரண்டு பக்கத்தையும் பெரிதாகப் படம் எடுத்து அச்சிட்டுக் கொடுத்தார். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினேன்.

மார்ச் 15, சனி

டியூப் எடுத்தாயிற்று. மாதாவுக்கு ஸ்தோத்திரம். வேறென்ன எழுத? மேடத்துக்கு முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன்.

மார்ச் 19, புதன்

சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். அண்ணன். கையில் பை இல்லை. தோளில் படகு தள்ளுகிற மூங்கில் கழி, ஆளுயரத்துக்கு வெட்டி, முனையில் ரப்பர் மாட்டியிருந்தது.

"வாக்கரும் மண்ணாங்கட்டியும் மணல்ல நிக்காது. இது நிக்கும்" என்று என்னிடம் சொன்னான். இவர் பக்கம் திரும்பவில்லை. ஆனால் போகவும் இல்லை.

சுவரில் இருந்த படத்தைப் பார்த்து, "யாரு இவுக?" என்றான். டீச்சர் சொன்னதையெல்லாம் சொன்னேன். கழியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கிட்டே போய்ப் பார்த்தான்.

"கீழ ஒருத்தன் பிடிச்சிருக்கான், மேல ஒருத்தன் பிடிச்சிருக்கான். கயிறு பிடிக்க மாதிரிதான இருக்கு."

"மச்சான்" என்றார் இவர். அண்ணன் திரும்பவில்லை. "மச்சான், நாளைக்கும் வாங்க."

"வராம? இவ ஒத்த ஆளு உன்னத் தூக்கிருவாளாக்கும்!" என்றான் சுவரைப் பார்த்தே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மார்ச் 27, வியாழன்

கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றது பதினைந்து வினாடி. பிடித்தவர்: அண்ணன். பயிற்சி சமயத்தில் இரண்டு பேரும் பேசிக்கொள்வது "ம்", "இன்னுங் கொஞ்சம்", "போதும்", அவ்வளவுதான். பேசாமலே ஒரு ஆளைத் தூக்கி நிறுத்த முடியும் என்று இப்போதுதான் பார்க்கிறேன்.

இடது கால் இன்னும் மடங்கிப் போகிறது.

ஏப்ரல் 2, புதன்

நின்றது ஒரு நிமிடம். "இந்த ஞாயித்துக்கெழம" என்றார் இவர். மேடத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். "ரெண்டு நிமிஷத்துக்கு மேல வேண்டாம். இடுப்புல பெல்ட் கட்டி ஒருத்தர் பின்னாடி பிடிச்சுக்கணும்" என்றார். பெல்ட்டுக்கு எங்கே போவது? ஆணியில் கயிறு இருக்கிறதே என்று நினைத்தேன். சொல்லவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

பூசை முடிந்து படகுக்காரர்கள் எல்லாரும் கடற்கரையில் ஏலக் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. கோயிலில் கொடுத்த சக்கர நாற்காலியில் இவரை வைத்து, மணலில் சக்கரம் புதையப் புதைய அண்ணனும் நானும் தள்ளிக்கொண்டு போனோம். பேச்சு நின்றுவிட்டது. சந்தியாகு கஸ்பாரைத் தள்ளிக்கொண்டு வருவதை வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

நிற்கும் முன்னால் இவர் தன் மடியில் சுருட்டி வைத்திருந்ததை எடுத்து அண்ணனிடம் நீட்டினார். அந்தக் கயிறு. நான் எடுத்து வைக்கவில்லை, இவரே சலேத்திடம் கேட்டு வாங்கியிருக்கிறார்.

அண்ணன் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். வீசி எறிந்துவிட்டுப் போய்விடுவானோ என்று பயந்தேன். அவன் குனிந்து, எல்லார் கண் முன்னாலும், இவர் இடுப்பைச் சுற்றி அந்த முடிச்சைப் போட்டான். ஒரு தரம் சுண்டிப் பார்த்தான். இவரும் பதிலுக்கு ஒரு தரம் சுண்டினார். நலம்.

அப்புறம் கழியை ஊன்றினார்கள். இவர் கீழே பிடித்தார், அண்ணன் மேலே பிடித்தான். எழுந்துவிட்டார். இடது கால் நடுங்கியது, கழி நடுங்கியது, ஆனால் நின்றார்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும்" என்றார். இருமிவிட்டுச் சொன்னார். "அன்னைக்கு முடிச்சு நழுவல. நான்தான் அவுத்தேன். காசு கெடந்துது, ஆச, அவுத்துட்டேன். வெறுங்கயிறப் பாத்து என் உசிருக்குப் பயந்துதான் மச்சான் இழுத்தாவ. பொய் சொன்னது நான். அவுக கயித்துல ஒரு குத்தமும் இல்ல."

பக்கத்தில் காலியாக இருந்தது அந்தச் சக்கர நாற்காலிதான், அதில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். சலேத் வந்து என் மடியில் சாய்ந்து, "அம்மா, காசு மாதிரியே இருக்கு" என்று காதில் சொன்னாள். "அப்பாவும் மாமாவும் ஒரு பக்கம். நீ நாற்காலில மறு பக்கம்."

"வாய மூடுட்டி, பாவம் வரும்" என்றேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

படகுக்காரர்களில் மூத்தவர் குருசுமுத்து எழுந்து வந்தார். இவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணன் முன்னால் போய் நின்று, "நாளைக்கு நாலு மணிக்குப் படகு. வந்துரு சந்தியாகு" என்றார். அண்ணன் தலையை ஆட்டினான். கழியிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

நேற்று வீட்டுக்கு வந்து கயிற்றை அவிழ்க்கப் பார்த்தேன். எனக்கு வரவில்லை. நகம்தான் ஒடிந்தது. "தள்ளு" என்று இவரே அவிழ்த்தார். அண்ணன் எதிரே முக்காலியில் உட்கார்ந்து, காப்பி குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். இவர் அவிழ்த்த கயிற்றைச் சுருட்டி அவன் கையில் கொடுத்தார். இன்று விடியும் முன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணன் கடலுக்குப் போனான்.

பூதலிங்கம் ஆசாரியிடம் சலேத்தின் பழைய காப்பைக் கொடுத்திருக்கிறேன். அதில் சாமி படம் ஒன்றும் இல்லை, தாராளமாக உருக்கலாம். வெள்ளிக் கால் ஒன்றுதான் வரும் என்றார். ஒரு கால்தானே இதுவரை சரியாயிருக்கிறது. மற்றதை மாதா முதலில் கொடுக்கட்டும்.

முன்பக்கத்தில் மேடத்துக்கு எழுதியது இங்கேயும் இருக்கட்டும். எதனால் ஏற்பட்டது என்ற இடத்தில் அண்ணன் முடிச்சு என்று இருந்ததை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன். இன்று நின்ற நேரம்: இரண்டு நிமிடம். பிடித்தவர்: பிரகாசி. அண்ணன் கடலில் இருக்கிறான்.